சீசனுக்கு வந்த அத்தையின் ஓட்டு

எங்கள் அத்தை ஆறு வருடம் சீசனுக்கு வந்திருந்தாள்.

குற்றாலத்தில் குடியிருப்பவர்களுக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. ஆனியில் சாரல் விழத் தொடங்கினால், மற்ற நாளில் எட்டிப்பார்க்காத சொந்தமெல்லாம் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து இறங்கும். தெருவில் ஒரு புது முகம் தென்பட்டால் யாராவது "இது யாரு?" என்று கேட்பார்கள். "சீசனுக்கு வந்திருக்காக" என்று பதில் வரும். அதோடு விசாரணை முடிந்துவிடும். அத்தையும் ஓர் ஆனி மாதச் சாரலில்தான், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கட்டிக்கொடுத்த ஊரான ஆரியங்காவிலிருந்து பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்து இறங்கினாளாம். அப்போது எனக்கு நாலு வயது. எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டதற்குத் தாத்தா சட்டென்று "மக சீசனுக்கு வந்திருக்கா" என்று சொல்லிவிட்டார். ஆடி போனது. ஐயப்ப சாமிமார் சீசன் வந்து அதுவும் போனது. பங்குனியில் பேரருவி வெறும் பாறையாக நின்றபோதும் அத்தை சீசனுக்குத்தான் வந்திருந்தாள். அடுத்த பங்குனியிலும் அப்படியேதான்.

பெரியவர்கள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அதனால் அருவியில் தண்ணீர் குறையக் குறைய எனக்குப் பயம் கூடும். சீசனுக்கு வந்தவர்கள் சீசன் முடிந்ததும் மூட்டை கட்டுவதை வருடாவருடம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நான். அத்தை மட்டும் எப்படிப் போகாமல் இருப்பாள்? பள்ளிக்கூடம் விட்டதும் பேரருவிப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். பாறையில் நூல் போலத் தண்ணீர் வடிந்தாலும் போதும், அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

அப்பாவுக்குக் கடைவீதியில் சிப்ஸ் கடை. விருந்தாளி என்று பெயர்தானே ஒழிய, கடையின் எண்ணெய்ச் சட்டி முழுக்க அத்தையின் பொறுப்பில் இருந்தது. சீவுகிற கட்டையைச் சட்டிக்கு மேலே பிடித்து, நேந்திரங்காயைக் கொதிக்கிற எண்ணெயிலேயே நேராகச் சீவி விழ வைப்பாள். சீவுகிற வேகத்தைப் பார்ப்பதற்கென்றே சுற்றுலா வந்தவர்கள் நிற்பார்கள். நின்றவர்கள் வாங்காமல் போவதில்லை. வாயும் அதே வேகம்தான். யாராவது உப்பு குறைவு என்று சொன்னால் "பின்னே! அருவில குளிச்சிட்டு வந்த நாக்குக்கு உப்பு தெரியாது" என்பாள். அந்தப் "பின்னே" மட்டும் ஆரியங்காவிலிருந்து அவள் கொண்டுவந்தது. அங்கிருந்து வேறு எதையும் அவள் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. மாமாவைக் கல்யாண ஆல்பத்தில் பார்த்ததோடு சரி.

தாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. தெரு முழுவதற்கும் ஏட்டையா. தேர்தல் என்று பேச்சு எடுத்தால் அவரை நிறுத்த முடியாது. ராயகிரிப் பக்கம் ஒரு பூத்தில் கொட்டுகிற மழையில் தன் மழைக்கோட்டை ஓட்டுப்பெட்டிக்குப் போர்த்திவிட்டு, தான் விடிய விடிய நனைந்தபடி நின்ற கதையை எனக்கு மனப்பாடம் ஆகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறார். மழைக்கு அடுத்து அவருக்குக் காய்ச்சல் வரும் இடத்தில் நான் "நூத்திமூணு டிகிரி" என்று முந்திக்கொள்வேன். ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் பூத்தில் முதல் ஓட்டு அவருடையதுதான். கதவு திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நிற்பார். யார் முந்த முடியும்? தாத்தா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை, அந்த ஒன்றைத் தவிர. அதுவும் பொய் என்று எனக்குத் தெரியாது.

எனக்குப் பத்து வயதானபோது சட்டமன்றத் தேர்தல் வருகிறது என்று பேச்சு எழுந்தது. அப்போது தென்காசி தனி மாவட்டம்கூட ஆகவில்லை. ஒரு நாள் கட்சிக்காரர் ஒருவர் வீடு வீடாக வந்தார். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று எழுதிக்கொண்டு போவது அவர் வேலை. அப்பா அவரை உட்காரவைத்தார். அத்தை டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

"வீட்டுல எத்தன ஓட்டு இருக்கு அண்ணாச்சி?"

"மூணு. அப்பா, நான், எங்க வீட்ல," என்றார் அப்பா.

கட்சிக்காரர் டீயை வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்த்தார். "இவுக?"

"தங்கச்சி. ஆரியங்காவுலேருந்து சீசனுக்கு வந்திருக்கு."

"அப்பம் ஓட்டு ஆரியங்காவுலயா?"

அப்பா பதில் சொல்வதற்குள் அத்தையே சொன்னாள். "அங்கனயும் கெடையாது, இங்கனயும் கெடையாது. எனக்கு ஓட்டே கெடையாது."

கட்சிக்காரர் ஒரு நொடி யோசித்தார். ஓட்டு இல்லாத ஆளிடம் என்ன பேசுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. "டீ நல்லாருக்குத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் சொன்னது சத்தியமான உண்மை. பதினெட்டு முடிந்த கையோடு கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இங்கே எதற்கு என்று ரேஷன் கார்டில் பெயரை எடுத்தாயிற்று. அங்கே பட்டியலில் சேர்க்கச் சொன்னால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். அடுத்த தடவை வரவே இல்லை. அன்று சாயங்காலம் அத்தை அம்மாவிடம் சொன்னாள்: "மைனி, எனக்கு வயசு முப்பதுக்கு மேல ஆச்சு. இன்ன வரைக்கும் ஒரு கவர்மெண்டும் நான் இருக்கேன்னு எழுதி வைக்கல." அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டார்கள். கார்த்திகை மாதம். சாமிமார் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கிற நாள். கடையில் கை ஓயாத வியாபாரம். அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு, பக்கத்துக் கடைப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு எழுந்தாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, இன்னைக்குப் போயா? வெளிய பாரு, எத்தன வண்டி நிக்கின்னு!"

"வண்டி நாளைக்கும் வரும். முகாம் நாளைக்குக் கெடையாது," என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

இப்போது எனக்கும் ஓட்டு இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் செல்போனிலேயே விண்ணப்பித்தேன். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அத்தைக்கு அப்படி இல்லை. ஒரு போட்டோ ஒட்டி, வயதுக்குப் பள்ளிக்கூடத்து டி.சி. நகல் வைத்து, ஆறாம் எண் படிவத்தைப் பெஞ்சில் விரித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். முகாமில் உட்கார்ந்திருந்தது அங்கன்வாடி டீச்சர். பண்பொழியிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலரும் அவர்தான்.

"இந்த எடத்துல வீட்டுக்காரர் பேரு எழுதுங்க," என்று விரலை வைத்துக் காட்டினார் டீச்சர்.

அத்தை பேனாவை எடுத்துவிட்டாள். "தந்தை பேருன்னும் போட்டிருக்குல்லா. அப்பா பேரு எழுதலாமா?"

"தாராளமா எழுதலாம்."

அத்தை தாத்தாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் குண்டு குண்டாக எழுதினாள். முகவரிக்குத்தான் சிக்கல். ரேஷன் கார்டு தாத்தா பெயரில் இருந்தது, அதில் அத்தை இல்லை. டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் வீட்டுக்கு வந்து விசாரிச்சு எழுதணும். இங்கனதான் குடியிருக்கீகன்னு வீட்டுல ஒரு ஆள் சொன்னாப் போதும்," என்றார். வீட்டில் சொல்வதற்கு என்ன, அதற்கு ஒரு பிரச்சினையா என்று அத்தை கிளம்பிவிட்டாள். திரும்பி வரும்போது எனக்கு ஓர் ஐஸ் வாங்கித் தந்தாள்.

டீச்சர் விசாரிக்க வந்த நாளில் அத்தையும் அப்பாவும் கடையில் இருந்தார்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வாசலில் நாற்காலி போட்டுத் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அண்ணாச்சி தன் வீட்டு வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். காதை மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் வைத்திருந்தார்.

"ஏட்டையா, உங்க மக இங்கனதான் இருக்காகளா?" என்று டீச்சர் கேட்டார், கொஞ்சம் சத்தமாகவே.

தாத்தா பேப்பரை இறக்கினார். எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்தார். "சீசனுக்கு வந்திருக்கா," என்றார்.

"அப்பம் இங்கன நிரந்தரமா இல்லையா?"

"போயிருவா."

டீச்சர் கேட்டதை எழுதிக்கொண்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு ரிட்டயர்டு ஏட்டு தன் மகளைப் பற்றிச் சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது? எனக்குத்தான் வீட்டுப்பாடம் அதற்குமேல் ஓடவில்லை. போயிருவா என்று தாத்தா வாயால் சொல்லி நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அன்றைக்கு அருவியில் தண்ணீர் நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, வீட்டு முகவரி போட்ட தபால் ஒன்றைத் தபால்காரர் கடையில் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அந்த முகவரியில் தற்காலிகமாகத் தங்கியிருப்பதாகக் கள விசாரணையில் தெரியவந்திருக்கிறதாம். ஆட்சேபணை இருந்தால் தென்காசி தாலுகா அலுவலகத்துக்கு வந்து சொல்ல வேண்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடி செய்யப்படும். அத்தை அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஒரு குலை நேந்திரங்காயும் தீரும் வரை ஒருவரிடமும் பேசாமல் சீவினாள். சீவின வேகத்தைப் பார்த்து அப்பாவே இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தாத்தாவின் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை.

"அப்பா, நான் எப்பம் போறேன்னு டீச்சர்ட்ட சொன்னீக?"

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தேதி தெரிஞ்சா நல்லாருக்கும். பெட்டி கட்டணும்லா, அதுக்குக் கேக்கேன்."

"ஏட்டி, நாலு பேரு இருக்க எடத்துல வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?" என்றார் தாத்தா. அவர் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

"இருக்கான்னு சொல்லணும். அது ஒண்ணுதான் அவுக கேட்டது."

அத்தை உள்ளே போய்விட்டாள். தாத்தா காப்பியைத் தொடவே இல்லை. அம்மா இரண்டாவது தடவை சூடுபண்ணி வைத்ததும் அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. எனக்கு நடந்தது பாதிதான் விளங்கியது. விளங்கின பாதி இது: தாலுகா அலுவலகத்தில் அத்தை ஜெயித்தால் இங்கேயே இருப்பாள், தோற்றால் போய்விடுவாள். கடவுளே அந்த அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அரையாண்டு லீவு என்பதால் நானும் வருவேன் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்து கிளம்பிவிட்டேன்.

விசாரணைக்கு அத்தையும் நானும்தான் போவதாக ஏற்பாடு. தாத்தா வருகிறேன் என்று சொல்லவில்லை. அத்தை கூப்பிடவும் இல்லை. நாங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது அங்கே தாத்தா நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாரிய தலை, பளபளவென்று செருப்பு. எங்களைப் பார்த்தும் பார்க்காதவர் போல ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்ததும் ஏறி, மூன்று டிக்கெட் எடுத்தார்.

தாலுகா அலுவலகத்தில் நல்ல கூட்டம். பெயர் திருத்த வந்தவர்கள், முகவரி மாற்ற வந்தவர்கள், எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி. அவருடைய போட்டோவுக்குப் பதிலாக அடையாள அட்டையில் வேறு யாரோ மீசைக்காரர் வந்திருந்தாராம். அவரைப் பார்த்ததும் தாத்தாவின் நடை ஒரு கணம் தடைப்பட்டது. பிறகு நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். அத்தையின் பெயரைக் கூப்பிட்டு, காகிதத்தைப் புரட்டினார். "நீங்க இங்க தற்காலிகமாத் தங்கியிருக்கிறதா ரிப்போர்ட் வந்திருக்கு. என்ன சொல்றீங்க?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் தாத்தா எழுந்து நின்றுவிட்டார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. "ஐயா, அந்தத் தகவல் தப்பு. குடுத்தது நான்தான்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க?"

"இவ அப்பா. ரிட்டயர்டு ஹெட் கான்ஸ்டபிள்."

"போலீஸ்ல இருந்திருக்கீங்க. பிறகு எதுக்குத் தப்பாத் தகவல் குடுத்தீங்க?"

அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி தன் மீசைக்காரரை மறந்துவிட்டுப் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாய் பழகிப்போச்சு ஐயா," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப என்ன சொல்றீங்க பெரியவரே?"

"எம் மக எங்க வீட்டுலதான் இருக்கா. ஆறு வருசமா இருக்கா. இனியும் இருப்பா." ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வயர்லெஸ்ஸில் பேசுகிறவர் மாதிரி சொன்னார். கடைசி வார்த்தையை எதிர்வீட்டு அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்.

அதை எழுத்தில் தரச் சொன்னார் அதிகாரி. ஸ்டேஷனில் எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிய மனுஷன், ஜன்னலோரம் நின்றபடி தன்னுடையதை எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துப் பார்த்து, "நான் சொன்னது அனைத்தும் உண்மை" என்று பழக்கதோஷத்தில் கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அத்தை அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் தாத்தா, "உளுந்த வட திங்கியாட்டி?" என்று கேட்டார். என்னிடம் கேட்கிறார் என்று நினைத்து நான் தலையாட்டினேன். அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னே!" என்றாள் அத்தை. மூன்று பேரும் நின்றுகொண்டே தின்றோம். அத்தை முகத்தை முந்தானையால் துடைத்தாள். சட்னி காரம் என்றாள். எனக்கு அப்படி ஒன்றும் காரமாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தாத்தாவிடம் ஒரு மாற்றம் வந்தது. தெருவில் யாராவது "ஏட்டையா, மக இன்னும் இங்கனதான் இருக்காளா?" என்று இழுத்தால், முன்பெல்லாம் வருகிற அந்தச் சீசன் பதில் வராது. "அவளுக்கு ஓட்டே இங்கனதாம்லா" என்பார். என்ன நடந்தது, ஏன் வந்தாள், எப்போது போவாள் என்று கேட்க நினைத்தவர்கள் எல்லாம் அதற்குமேல் எதையும் கேட்கத் தெரியாமல் போய்விடுவார்கள். ஆறு வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான் போலிருக்கிறது. அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு ருசியே வந்துவிட்டது. கேட்காதவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

வாக்காளர் அடையாள அட்டை வந்தது. போட்டோவில் அத்தை, அத்தை மாதிரியும் இருந்தாள், இன்னும் யார் யார் மாதிரியோவும் இருந்தாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. தந்தை பெயர் இருந்த இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். எண்ணெய்ப் புகை படும் என்று அப்பா எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

கோடையில் கட்சிக்காரர் மறுபடி வந்தார். "இப்பம் நாலு ஓட்டு," என்றார் அப்பா, ஏதோ தானே சம்பாதித்த மாதிரி. "நாலும் நமக்குத்தான்."

டீ கொண்டுவந்த அத்தை நின்றாள். "அண்ணே, உங்க ஓட்டுக்கு நீங்க சொல்லுங்க. எம் ஓட்டு யாருக்குன்னு நான் இன்னும் எங்கிட்டயே சொல்லல."

கட்சிக்காரர் இந்த முறை டீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அத்தையை உட்காரச் சொல்லி, தன் கட்சி என்னென்ன செய்யப்போகிறது என்று வெகுநேரம் விளக்கினார். ஆரியங்காவு ரோட்டிலிருந்து ஐந்தருவியில் செருப்பு வைக்கிற இடம் வரைக்கும் அத்தை அவரிடம் கேள்வி கேட்டாள். அடுப்படியில் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அப்பா கேட்டபோது, கல்யாணமாகி முதல்முறையாக அம்மா பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனாள். அதையும் அத்தையின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஓட்டுப் போடுகிற நாளில் பேரருவி காய்ந்து கிடந்தது. பாறையில் ஈரம்கூட இல்லை. எனக்கு அன்றைக்கு அதைப் பற்றி ஒரு பயமும் இல்லை. தாத்தா வழக்கம்போல இருட்டு விலகும்போதே பூத்துக்குப் போய் முதல் ஆளாக நின்றுவிட்டார். அம்மா பட்டுப்புடவையை நீட்டியும் அத்தை கேட்கவில்லை. முதல் ஈடு சிப்ஸ் போட்டு எடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நூல் புடவையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போனபோது ஆண்கள் வரிசையில் தாத்தா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அதுவும் வாசல்படி ஓரத்தில், முதல் ஆளாக. ஒவ்வொருவரையும் "நீ போ, நீ போ" என்று தனக்கு முன்னால் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "ஏட்டையா, முத ஓட்டு உங்களுதுன்னு சொல்வீகளே, இன்னைக்கு என்ன இப்பிடி?" என்று கேட்டார். தாத்தா, "இருக்கட்டும்ப்பா. வாரா," என்று மட்டும் சொன்னார்.

பெண்கள் வரிசையில் எங்கள் தெருவே நின்றது. அத்தையின் முறை வந்தது. அவள் உள்ளே மேஜைக்குப் போனாள். போலீஸ்காரர் என்னைப் படியிலேயே தாத்தாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். முதல் அலுவலர் சீட்டை வாங்கிப் பட்டியலைப் பார்த்து, ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசித்தார். அத்தைக்கு எங்கள் ஊர் அம்மன் பெயர். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பெண்கள் உண்டு. ஏஜெண்டு ஒருவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "சார், எந்த ஆளு? வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க," என்றார்.

அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டினார். அறைக்குள்ளும் வெளியே இரண்டு வரிசையிலும் கேட்கும்படி, "தந்தை பெயர்" என்று தொடங்கித் தாத்தாவின் பெயரைக் கணீரென்று வாசித்தார்.

அத்தை நிமிர்ந்துதான் நின்றாள். அடுத்த மேஜையில் மை வைக்கப்போனவர் அவள் விரலைப் பார்த்துவிட்டு, "எண்ணெயா இருக்கே, மை பிடிக்காதே," என்றார். "சிப்ஸ் போடுத கை சார். நல்லாத் துடைச்சிட்டு வையுங்க, அழியக் கூடாது," என்றாள் அத்தை. அவர் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு மை வைத்தார். மறைப்புக்குள் போனாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பீப் என்று நீளமாகக் கேட்டது.

நான் தாத்தாவிடம் அதைச் சொல்லத் திரும்பினேன். அலுவலர் தன் பெயரை வாசித்தபோது தாத்தா எப்படி ஆனாரோ அப்படியே இருந்தார். குதிகால் இரண்டும் சேர்ந்திருந்தன. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கண்கள் மட்டும் நேரே எதையும் பார்க்காமல் நிரம்பி நின்றன. போலீஸ்காரர்களை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் இப்படித்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, நானும் அவர் பக்கத்தில் கால்களைச் சேர்த்துக் கைகளை ஒட்டவைத்து விறைப்பாக நின்றேன்.